மதினி அடித்துவிட்ட மூன்று அளவுகள்

எங்கள் மதினியால் ஒரு பிசகைக் கண்டும் காணாமல் போக முடியாது. பேச்சில் யாராவது ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டால், குரலை உயர்த்தாமல், "அப்படி இல்ல" என்று தொடங்குவாள். சொல்லி முடித்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். எதிராளியின் முகம் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் இல்லை. மற்றவர்களின் தப்பைவிடத் தன் தப்பைச் சொல்வதில்தான் அவளுக்கு அவசரம் அதிகம். அது எங்களைப் போன்ற வீட்டில் எவ்வளவு பெரிய சங்கடம் என்பது கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவளைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அவள் மெட்ராஸில் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் அது கேள்விப்படாத சங்கதி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய மாமா ஜாதகத்தை எடுத்து வாசித்தார். பிறந்த நேரம் சாயங்காலம் ஐந்தரை என்று சொன்னதும் கதவோரம் நின்றிருந்த பெண் வாயைத் திறந்தாள்.

"அப்படி இல்ல மாமா. நான் பிறந்தது காலையில. பால்காரர் வாசல்ல நின்ன நேரம்னு அம்மா சொல்லியிருக்கா. இது மாத்தி எழுதினது."

அவளுடைய அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

தென்காசிக்குத் திரும்பும் ரயிலில் அம்மா அழுதாள். அண்ணன் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தவன், பாதி வழி தாண்டியதும், "எனக்கு அந்தப் பொண்ணுதான்" என்றான். அண்ணன் தென்காசி கோர்ட்டில் வக்கீல். "நாள் பூரா சாட்சிக்காரங்க சொல்லுததைக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. வீட்டுல ஒண்ணு நடந்தா, என்ன நடந்துதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட ஒரு ஆளு வேணும்லா" என்றான். சரியான நேரத்தை வைத்து ஜாதகம் மறுபடி எழுதினார்கள். பொருத்தம் சுமார்தான் என்றார் ஜோசியர். அண்ணன் கேட்கவில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்த இரண்டாம் வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அப்போது வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு நீல மருந்து உண்டு. கண்ணாடிக் குழாயில் அந்த மருந்தை விட்டு, எட்டுச் சொட்டு மூத்திரம் சேர்த்துக் கொதிக்க வைக்கவேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மோசம். எங்கள் ஊர் மருந்துக்கடையில் அது எப்போதாவதுதான் கிடைக்கும் என்பதால் மதினியே தயாரித்தாள். மயில்துத்தத்தையும் மற்ற சாமான்களையும் பத்தர் தராசில் நிறுத்து அவள் கலக்குவதைப் பார்த்தால், ஆராய்ச்சியை அவள் விடவில்லை என்றே தோன்றும்.

"என்ன நிறம்?" என்று அப்பா ஊஞ்சலில் இருந்தபடி கேட்பார்.

"ஆரஞ்சு, மாமா."

"பச்சைன்னு சொல்லேன். அத்தை அடுக்களைல நிக்கா. பச்சைன்னா ரெண்டு துண்டு மாம்பழம் கிடைக்கும்."

"ஆரஞ்சை எப்படி மாமா பச்சைன்னு சொல்ல?"

அப்பா சிரித்துவிடுவார். ஊரிலும் இலத்தூரில் இருந்த எங்கள் வயலிலும் அவர் சொன்னதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. மருமகள் மறுப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தச் சித்திரையில் பதினைந்து நாள் தொடர்ந்து நீலமும் பச்சையுமாகவே வந்தது. அப்பா மாம்பழம் சாப்பிட்டார், பாயசம் குடித்தார். கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஒன்று இருந்தது. அது ஆறவில்லை. ஒருநாள் காலையில் மதினி மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். எல்லோரும் இருந்தோம்.

"மாமா, போன தடவை இதைக் கலக்கையில மயில்துத்தத்தை ரெண்டு மடங்கு போட்டுட்டேன். நேத்து மிச்சத்தை நிறுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. நீலம் கூடுதலா இருந்ததால சர்க்கரை இருந்தும் நிறம் மாறல. பதினஞ்சு நாளா நான் சொன்னது தப்பு."

புதிதாகக் கலக்கிச் சோதித்ததில் குழாய் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. அப்பாவின் பெருவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. புண் முன்பே உள்ளே போயிருந்தது, இந்தப் பதினைந்து நாளால் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"சும்மா இருந்திருக்கலாம்லா. நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியுமே அத்தை."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல அம்மா மதினியுடன் பேசவில்லை. மதினி பரிமாறினால் சாப்பிடவும் மாட்டாள். மதினி அடுக்களையில் இருக்கும் நேரம் பார்த்து அம்மா தோட்டத்துக்குப் போய்விடுவாள். மதினி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்த மருந்தைக் கலக்கும்போது மூன்று தடவை நிறுப்பாள்.

அந்த வருஷமே குற்றாலத்தில் சாரல் நன்றாக இறங்கியிருந்த சமயம், மெட்ராஸில் இருந்து ஒருவர் தம் தாயாரோடு வந்தார். மதினி விட்டுவந்த ஆராய்ச்சியை அவள் இடத்தில் இருந்து தொடர்ந்து செய்கிறவர். சொந்த ஊர் சிவகிரி. எங்கள் ஆட்கள்தான், மதினிக்குத் தூரத்து உறவும்கூட. என்னை அவருக்குக் கேட்கலாம் என்று யோசனை சொன்னதே மதினிதான். நான் அப்போது தென்காசியில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இருபத்தைந்து வயதாகிவிட்டது. இரண்டு வரன் வந்து தட்டிப்போயிருந்தது.

அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு மங்குஸ்தான் கடைப் பக்கம் நின்றிருந்தோம். மதினி வேண்டுமென்றே பழம் பொறுக்குவதில் நேரம் கடத்தினாள். அவர் என்னிடம் பேசியது முழுவதும் மதினியைப் பற்றித்தான்.

"அவங்க நோட்டு மட்டும் இல்லைன்னா நான் மூணு வருஷம் பின்னால நின்னுருப்பேன். அவ்வளவு சுத்தமான கணக்கு. நோட்டு முழுக்க மூணே மூணு அளவுதான் அடிச்சிருக்கும். வேற அடித்தலே கிடையாது."

"பட்டம் வாங்கினா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு காலேஜ்ல வேலை சொல்லியிருக்காங்க. தீசிஸ் கொடுத்த கையோட சேர்ந்துக்கிடலாம். எனக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க. அம்மாவுக்கு அதுதான் கவலை."

சொல்லிவிட்டு, உரித்த மங்குஸ்தானைப் பாதியாகப் பிட்டு என்னிடம் நீட்டினார். சாயம் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் ஊதாவாக இருந்தது. அந்தக் கையை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தீசிஸ் கொடுத்ததும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அவர்கள் ஊர் திரும்பிச் சில வாரம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது மதினி அடுக்களையில் சுண்டைக்காய் முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஒன்பதாம் மாதம். சுண்டைக்காய்களை ஈர்க்குச்சியால் கோத்து ஏதோ ஒன்றைச் செய்து கையில் வைத்திருந்தாள். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

"இங்கன வா. உனக்கு இதைக் காட்டணும்" என்றாள்.

ஆறு சுண்டைக்காய் ஒரு வளையமாக நின்றது. அது தட்டையான வளையம் இல்லை. ஒரு முனை மேலே தூக்கியும் எதிர்முனை கீழே இறங்கியும் சாய்வு நாற்காலி போல இருந்தது. ஒவ்வொரு காயிலிருந்தும் இரண்டு ஈர்க்கு நீண்டிருந்தது. ஒன்று செங்குத்தாக நின்றது, மற்றது பக்கவாட்டில் படுத்திருந்தது.

"இதுதான் நான் மெட்ராஸ்ல பிடிச்சுக்கிட்டிருந்த சாமானோட உள்வடிவம். ஆறு கார்பன். இந்த வளையம் ஒரே மாதிரி இருக்காது. புரளும். புரண்டுதுன்னா நின்னுக்கிட்டிருந்த கையெல்லாம் படுத்துக்கிடும், படுத்திருந்தது எந்திரிச்சு நிக்கும். நிக்கதுக்கு மேல இடம் நெருக்கடி. படுத்தா தாராளம். அதனால பெருசா இருக்கது எதுவோ அது படுத்துக்கிட்டாத்தான் மூலக்கூறு நிலையா இருக்கும்."

"சரி."

"இதுல ஒரு பெரிய கிளை இருக்கு. பக்கத்துலயே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த ஒரு சின்ன ஓ.ஹெச். இருக்கு. ரெண்டுல ஒண்ணு நின்னா ஒண்ணு படுக்கணும், அப்படித்தான் இதோட அமைப்பு. ஓ.ஹெச். படுத்திருக்குன்னு நான் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். அப்ப என் கண்ணெல்லாம் அது மேலயே. அப்படின்னா இந்தப் பெரிய கிளை நிக்கணும். இதைப் பாரு."

கிளைக்குப் பதிலாக ஒரு சின்னக் கத்தரிக்காயை நிற்கிற ஈர்க்கில் குத்தினாள். அது பக்கத்தில் நின்ற ஈர்க்குகளை முட்டிச் சாய்த்து, மொத்த வளையத்தையும் கோணலாக்கியது.

"நிக்காது. வளையம் தன்னால புரண்டுடும். கிளை படுத்துக்கிடும், ஓ.ஹெச். நெருக்கடில போய் நின்னுக்கிடும். நெருக்கடில நின்னா அது மத்ததோட சேர நேரமாகும். எவ்வளவு வேகமா சேருதுன்னு நான் அளந்தப்ப மூணு தடவை அப்படித்தான் மெதுவா நடந்துது. குப்பியில ஈரம் இருந்திருக்கும், என் கைப்பிசகுன்னு நெனச்சு அந்த மூணு அளவையும் அடிச்சுட்டேன். வேகமா வந்ததையெல்லாம் வச்சுக்கிட்டேன். நான் எதிர்பாத்தது அதுலா. வேகமா நடந்ததுல கலப்படம் இருந்திருக்கு. அந்த மூணுதான் சுத்தமான படிகத்துல செஞ்சது, ஏட்டி. நான் அடிச்ச மூணும்தான் சரி."

எனக்கு அதன் முழு அர்த்தம் அப்போது புரியவில்லை. ஆனால் அவள் முகம் அப்பாவின் மருந்துப் புட்டியோடு வந்து நின்ற அன்றைய முகமாகவே இருந்தது.

மறுநாள் அவள் ஒரு உறையை என்னிடம் கொடுத்தாள். மெட்ராஸில் இருந்த அவளுடைய பேராசிரியருக்கு எழுதியது. பிரசவம் நெருங்கிவிட்டதால் அவள் வாசல் தாண்டக்கூடாது. அண்ணன் கோர்ட்டுக் காகிதங்களோடு எதையும் தொலைத்துவிடுவான். நான் தினமும் ரதவீதியில் தபால்பெட்டியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

"இதுல என்ன இருக்குன்னு தெரியாம நீ கொண்டுபோகக் கூடாது" என்றாள் மதினி. "இது போய்ச் சேந்தா சார் உனக்குப் பேசியிருக்கவரோட தீசிஸை நிறுத்தி வச்சிடுவாங்க. நான் சொன்ன அமைப்பை வச்சுத்தான் அவர் மேற்கொண்டு செஞ்ச எல்லாத்துக்கும் காரணம் சொல்லியிருக்காரு. திரும்பச் செய்ய ஒரு வருஷம் ஆகும், ரெண்டும் ஆகலாம். அந்த வேலை காத்திருக்குமோ என்னவோ. கல்யாணம் தள்ளிப்போகும். அவங்க அம்மா வேற இடமும் பாக்கலாம். எல்லாம் யோசிச்சுட்டேன். இருந்தாலும் தெரிஞ்ச பிறகு எப்படிச் சும்மா இருக்க?"

நான் தலையாட்டி உறையை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பெட்டியின் முன்னால் நின்றேன். பைக்குள் கைவிட்டு உறையைத் தொட்டேன். பள்ளிக்கூடத்து மணி அடித்தது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். சாயங்காலம் எதிர்ப்பக்கமாக நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி கேட்டாள்.

"போட்டியா?"

"போட்டுட்டேன்."

அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வந்தது. ஒருநாளும் பொய் சொல்லாதவளிடம் சொல்லும் பொய் சந்தேகமே இல்லாமல் ஏற்கப்பட்டுவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். உறை என் டிரங்குப்பெட்டியின் அடியில் கிடந்தது. நாளைக்குப் போடலாம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டேன். பிறகு சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருப்பாள். "மெட்ராஸ்ல இருந்து ஏதாவது வந்துதா?" என்று யார் உள்ளே வந்தாலும் கேட்பாள். ஒரு மாதம், இரண்டு மாதம். தீசிஸ் கொடுத்தாகிவிட்டது என்று அவரிடமிருந்து அண்ணனுக்குக் கார்டு வந்தது. அதை வாசித்துவிட்டு மதினி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு வந்தபோது, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த மத்தியானம், மதினி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சாருக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தேன். உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லையே. என்ன லெட்டர்?"

அவள் சொன்னாள். முதலிலிருந்து, அடித்துவிட்ட மூன்று அளவு வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நான் வெற்றிலைத் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். அவர் முகம் வெளுத்துப் போவதைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார் பாத்திருப்பாங்க. பாத்துட்டு, இதுல ஒண்ணும் இல்லைன்னுதான் விட்டிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

மதினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இரண்டு எட்டு எடுத்து வைத்து, லெட்டர் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். சிவகிரிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் அந்த உறையை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாதது. மதினி திருத்துவதை நிறுத்திக்கொண்டாள். நான் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். யாரோ தப்பான தேதி சொன்னார்கள், அவள் பேசாமல் காய் நறுக்கினாள். எங்கள் சித்தப்பா ஒரு சொத்து விவகாரத்தைத் தலைகீழாகச் சொன்னார், அவள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. "இப்பதான் மருமக மாதிரி இருக்கா" என்று என்னிடம் சொன்னாள். அவர்களுக்குள் பேச்சும் வந்துவிட்டது.

அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "ஏட்டி, உங்க மதினிக்கு என்னமோ ஆயிட்டு. எதைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியல'ங்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான்.

அன்றைக்கே அதை நானும் கண்டேன். கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் பக்கத்தில் போனாள். "என்ன நிறம்?" என்று அப்பா கேட்டார்.

"நீங்களே பாத்துக்கிடுங்க மாமா. இது பச்சையா மஞ்சளான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அப்பா குழாயைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். குழாயில் இருந்தது அப்பட்டமான மஞ்சள்.

தன் கண்ணால் கண்டதை, தன் கையால் செய்து பார்த்ததை, தன்னைவிடப் பெரியவர் ஒருவர் ஒரு பதில்கூட எழுதாமல் தள்ளிவிட்டார் என்று அவள் நம்பினாள். பரிசோதித்துப் பார்க்க லேப் கிடையாது. கேட்க ஆள் கிடையாது. தான் பார்ப்பதே தப்போ என்ற இடத்துக்கு அவள் வந்துவிட்டாள். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது பேராசிரியரின் மௌனம் அல்ல, என்னுடையது. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னால் என் கல்யாணம் எதன் மேல் நிற்கிறது என்பதும் தெரிந்துபோகும்.

எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர் காலேஜில் நல்ல வாத்தியார் என்று பேர் எடுத்திருந்தார். அப்பா காலமாகிவிட்டார். அறுபதுகளின் நடுவைத் தாண்டி ஒரு கோடை விடுமுறைக்கு முன், அவர் காலேஜிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் நாலு தாள். லைப்ரரிக்கு வந்த வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து பென்சிலால் பார்த்து எழுதியது.

"உங்க மதினி சொன்னதுதான் சரி" என்றார். "புதுசா ஒரு கருவி வந்திருக்கு. மூலக்கூறுல எது நிக்கு, எது படுத்திருக்குன்னு நேராவே சொல்லிடும். அதை வச்சு யாரோ இதே சாமானைப் பாத்திருக்காங்க. ஓ.ஹெச். நிக்குது. சார் எங்க ரெண்டு பேர் பேருலயும் அனுப்பின கட்டுரையைக் காட்டி, இவங்க எழுதினது தப்புன்னு எழுதியிருக்காங்க."

அடுத்த வாரமே தென்காசிக்குப் போனோம். மாடி அறையில் மதினி அந்த நாலு தாளையும் இரண்டு தடவை வாசித்தாள். நெற்றி முடியில் நரை ஓடியிருந்தது. தான் சொன்னது சரியென்று ஆனதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப சார் ஏன் பதில் போடல?" என்று கேட்டாள்.

"அதான் எனக்கும் புரியல" என்றார் அவர்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் அண்ணனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார்கள். மதினி மேஜையில் உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதத் தொடங்கினாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதி எழுதியதும், இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். "எட்டு வருஷத்துக்கு முந்தியே இந்தத் தவற்றைத் தங்களுக்குக் கடிதம் மூலம் தெரிவித்திருந்தேன். இப்படி எழுதியிருக்கேன். குத்திக் காட்டுத மாதிரி இருக்கோ?"

துணி என் கையிலேயே நின்றது.

"மதினி, அந்த வரி வேண்டாம்."

"ஏன்? நடந்ததைத்தானே எழுதுதேன்."

"அது நடக்கல. நான் அந்த லெட்டரைப் போடல. போட்டேன்னு சொன்னது பொய். வெந்நீர் அடுப்புல எரிச்சுட்டேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரும், அழுகை வரும், எதுவாவது வரும் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மேலே சின்ன எழுத்தில் வேறு ஒன்றை எழுதினாள். அதையும் எனக்குச் சொன்னாள். "எட்டு வருஷத்துக்கு முந்தியே இந்தத் தவறு எனக்குத் தெரியும். தங்களுக்கு நான் தெரிவிக்கவில்லை."

"நான்தானே போடல. அதை எழுதுங்க. என் பேரைப் போடுங்க."

"லெட்டர் போகல. பதில் வரலைன்னதும் நான் இன்னொண்ணு போட்டிருக்கணும். போடல. அவங்களுக்கு வேண்டியது அதுதான். மத்தது நம்ம வீட்டுச் சங்கதி."

அந்தத் திருத்தம் மறுவருஷம் அச்சில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. மதினியின் பேர் முதலில், அவர் பேர் அடுத்து. அவர் பட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில், தன் தீசிஸில் ஒரு அத்தியாயம் தப்பு என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். நான் செய்ததை, மதினியிடம் சொன்ன அன்று சாயங்காலமே அவரிடமும் சொல்லிவிட்டேன். பத்து நாள் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எனக்காகச் செஞ்சியா, உனக்காகவா?" நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன். அவர் திரும்பக் கேட்கவும் இல்லை.

அன்று மத்தியானம் மாடியில், கடிதத்தை மடிக்கும் முன், மதினியும் ஒன்று கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த எட்டு வருஷத்துல, என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணினதே இல்லையா?"

"தினமும் தோணிச்சு மதினி" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்படி இல்ல. தினமும்னு சொல்லாத. யோசிச்சுச் சொல்லு."

நான் யோசித்தேன். கீழே யாரோ கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல் வருஷம் தோணிச்சு" என்றேன். "பிள்ளை பிறந்த பிறகு மறந்துட்டேன். உங்களைப் பாக்கும்போது மட்டும் ஞாபகம் வரும். அதனாலதான் இங்கன வாரதைக் கொறைச்சேன்."

"இது சரி" என்றாள் மதினி.